புரோக்ரெசிவ் ராக் கேட்கத் தொடங்குவோர்க்கு: இணையத்தில் எந்த வழி?

பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ஒன்றிரண்டு பாடல்களாவது ஒலிக்காத பொறியியல் கல்லூரி விடுதி கோவையிலோ ஈரோட்டிலோ இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்த ஒன்றிரண்டு பாடல்களுக்கு அப்பால் போனவர்கள் மிகச் சிலரே. கேசட் காலத்தில் அதற்குக் காரணம் எளியது: பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்வந்த யாராவது பதிவுசெய்து கொண்டுவந்தால்தான் இங்கே கேட்க முடியும், அவர் எதைக் கொண்டுவருகிறாரோ அதுவே நமக்குத் தெரிந்த உலகம். இன்று அந்தத் தடை முழுவதும் நீங்கிவிட்டது. பல்லடத்துத் தறிப்பட்டறையில் இருப்பவருக்கும் லண்டனில் இருப்பவருக்கும் ஒரே ஆல்பங்கள் ஒரே நொடியில் கிடைக்கின்றன. இருந்தும், அந்தக் குழு சார்ந்ததாகச் சொல்லப்படும், நீண்ட படைப்புகளுக்குப் பேர்போன புரோக்ரெசிவ் ராக் என்ற இசை வகையின் பெயரைக் கேள்விப்பட்டு ஆவலோடு கைப்பேசியைத் திறக்கும் புதியவர் ஒரு வாரத்தில் சலித்துத் திரும்பிவிடுவதை அடிக்கடி காண்கிறேன். இதில் இசைமேல் உள்ள குற்றத்தைவிட, அவர் நுழைந்த வாசல்மேல் உள்ள குற்றமே பெரிது என்பது என் கருத்து.

வாசல்கள் என்று பார்த்தால் ஐந்து உண்டு. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மியூசிக் போன்ற ஸ்ட்ரீமிங் செயலிகளும் அவை தரும் பரிந்துரைகளும், யூடியூப், கேட்பவர்களே விமர்சனம் எழுதி மதிப்பெண் இடும் தொகுப்புத் தளங்கள், இசைக்குழுவிடம் ஏறக்குறைய நேரடியாகவே வாங்கும் பேண்ட்கேம்ப், இணைய வானொலி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எதைக் கேட்பது என்பதைத் தொகுப்புத் தளத்தில் படித்து முடிவுசெய்ய வேண்டும், கேட்பதற்குச் சந்தாச் செயலியைப் பயன்படுத்த வேண்டும், அந்தச் செயலி தானாக எடுத்து நீட்டும் பரிந்துரையை முதல் சில மாதங்களுக்குத் திரும்பிப் பார்க்கக் கூடாது. இந்த முடிவு எல்லா வகை இசைக்கும் பொருந்தாது. புரோக்ரெசிவ் ராக்குக்கு ஏன் பொருந்துகிறது என்பது அந்த இசையின் உடலமைப்பைப் பார்த்தால்தான் விளங்கும்.

இசையின் அளவும் இசைத்தட்டின் அளவும்

1969 அக்டோபரில் கிங் கிரிம்சன் குழுவின் முதல் ஆல்பம் இங்கிலாந்தில் வெளிவந்தது. அதற்குப் பின்வந்த ஆறேழு ஆண்டுகளில் எஸ் (Yes), ஜெனிசிஸ், ஜெத்ரோ டல், எமர்சன் லேக் அண்ட் பாமர், வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர், ஜென்டில் ஜயண்ட் ஆகிய குழுக்கள், மூன்று நிமிடப் பாட்டு என்னும் வரம்பை விட்டு வெளியேறி, மேற்கத்தியச் செவ்வியல் இசையிலிருந்தும் ஜாஸிலிருந்தும் நாட்டுப்புற இசையிலிருந்தும் எடுத்துக்கொண்டவற்றைக் கொண்டு நீண்ட படைப்புகளைச் செய்தன. அவற்றின் நீளத்தை நிர்ணயித்ததில் எல்.பி. இசைத்தட்டுக்கும் பங்கு உண்டு. தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய இருபது, இருபத்தைந்து நிமிடம் தாங்கும். ஆகவே எஸ் குழு 1972-இல் வெளியிட்ட 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தின் முதல் பக்கம் முழுவதையும் பதினெட்டரை நிமிடத்துக்கு மேல் ஓடும் ஒரே பாடல் நிரப்புகிறது. அதே ஆண்டு ஜெனிசிஸ் வெளியிட்ட 'சப்பர்ஸ் ரெடி' ஏழு பகுதிகளாக இருபத்து மூன்று நிமிடம் நீள்கிறது. ஜெத்ரோ டல் இன்னும் ஒரு படி மேலே போய், அதே 1972-இல், 'திக் ஆஸ் எ பிரிக்' என்ற ஒரே படைப்பைத் தட்டின் இரு பக்கங்களுக்கும் பரப்பிவிட்டது. கேட்பவர் நடுவில் எழுந்து தட்டைத் திருப்பிப் போட்டால்தான் பாட்டு முடியும்.

நீளம் மட்டும் இருந்தால் அது பெருமையாகாது. ஒரு பகுதியில் வந்த மெட்டு பத்து நிமிடம் கழித்து வேறு தாளத்தில், வேறு வாத்தியத்தில் திரும்பி வரும்போது அதை அடையாளம் காண்பதில்தான் இந்த இசையின் இன்பம் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. முன்பகுதியைக் கேட்காதவருக்குப் பின்பகுதி வெறும் இரைச்சல். எனவே எந்த வழியையும் எடைபோட எனக்கு முதல் அளவுகோல் இதுதான்: அது ஆல்பத்தை முழுதாகத் தருகிறதா, துண்டாகத் தருகிறதா? இரண்டாவது, நாம் இந்த இசையின் எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்பதைச் சொல்லித் தருகிறதா? செலவு, ஒலித்தரம், இசைக்கலைஞருக்குப் போய்ச் சேரும் பணம் ஆகியவை இவற்றுக்குப் பிறகே வரும்.

சந்தாச் செயலிகள்

இந்தியக் கேட்பவருக்கு 2019 ஒரு திருப்பமான ஆண்டு. பிப்ரவரியில் ஸ்பாட்டிஃபையும் மார்ச்சில் யூடியூப் மியூசிக்கும் இங்கே வந்தன. நெடுங்காலம் ஸ்ட்ரீமிங்கை விட்டு விலகியே இருந்த கிங் கிரிம்சனின் ஆல்பங்களும், டூல் குழுவின் ஆல்பங்களும் அதே ஆண்டில் இச்செயலிகளுக்கு வந்து சேர்ந்தன. 2016-இல் ஜியோ வந்தபின் டேட்டா விலை விழுந்திருந்ததால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இந்த நிகழ்வுகள் சேர்ந்து, அதுவரை ஐம்பதாண்டுகளில் திரண்ட புரோக்ரெசிவ் ராக் இசையின் பெரும்பகுதியை நம் சட்டைப்பைக்குள் கொண்டுவந்துவிட்டன. சந்தாக்கள் மாதம் நூறு ரூபாய்க்குச் சற்று மேலே தொடங்குகின்றன. இவ்வளவு பெரிய நூலகத்துக்கு இதைவிட மலிவான நுழைவுக் கட்டணம் கிடையாது.

குறை நூலகத்தில் இல்லை, அதன் வாசலில் நின்று புத்தகம் எடுத்து நீட்டுகிறவரிடம் இருக்கிறது. பரிந்துரை செய்யும் அல்காரிதம் பாடலைத்தான் ஓர் அலகாகக் கருதுகிறது, ஆல்பத்தை அல்ல. பிங்க் ஃபிளாய்டைக் கேட்டவர்கள் வேறு எதைக் கேட்டார்கள் என்று அது கணக்கிடும்போது, அந்தக் கூட்டத்தில் பெரும்பாலோர் எழுபதுகளின் புகழ்பெற்ற ராக் பாடல்களைப் பொதுவாகக் கேட்பவர்கள் என்பதால், அடுத்ததாக லெட் செப்பெலினும் ஈகிள்ஸும் டயர் ஸ்ட்ரெய்ட்ஸும் வரிசையாக வந்து நிற்பார்கள். நல்ல குழுக்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் நாம் தேடிப் புறப்பட்டது அவர்களை அல்ல. தப்பித்தவறி எஸ் குழு வந்தாலும், 'ரவுண்டபவுட்' பாட்டின் எட்டரை நிமிட வடிவம் வருமா, வானொலிக்காக வெட்டிச் சுருக்கிய மூன்றரை நிமிட வடிவம் வருமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இதற்குப் பின்னால் ஒரு பொருளாதாரமும் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாடல் முப்பது நொடி ஓடினால் அது ஒரு முறை கேட்கப்பட்டதாகக் கணக்கு. மூன்று நிமிடப் பாட்டுக்கும் இருபத்து மூன்று நிமிடப் பாட்டுக்கும் கணக்கு ஒன்றே. பதினான்கு குறும்பாடல்கள் கொண்ட ஆல்பத்தை ஒருவர் ஒருமுறை கேட்டால் பதினான்கு எண்ணிக்கை. மூன்று நீண்ட பாடல்கள் கொண்ட 'க்ளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தை அதேபோல் கேட்டால் மூன்று. அதோடு 2024 முதல், பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு அங்கே பணம் கிடையாது. நீளமாக எழுதுகிறவனுக்கு எதிராகவே இந்த ஏற்பாடு சாய்ந்திருக்கிறது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

இருந்தாலும், கேட்கும் கருவியாக மட்டும் கொண்டால் சந்தாச் செயலியை வெல்ல இப்போதைக்கு வேறொன்று இல்லை. ஆல்பத்தைத் தேடி எடுத்து, வரிசை மாறாமல், விளம்பரம் குறுக்கிடாமல் கேட்கலாம். முன்பு ஸ்பாட்டிஃபையில் ஆல்பப் பக்கத்தின் முதன்மைப் பொத்தானே பாடல்களைக் கலைத்துப் போடுவதாக இருந்தது. 2021-இல் அடெல் என்ற பாடகி கேட்டுக்கொண்டதன் பேரில் அதை மாற்றினார்கள். புரோக்ரெசிவ் ராக் கேட்பவர்கள் ஆண்டுக்கணக்கில் முணுமுணுத்தும் நடக்காதது ஒரு பாப் பாடகியின் சொல்லால் நடந்தது. அமைப்புகளில் இரண்டைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. பாடலுக்குப் பாடல் இடைவெளி விடாமல் ஓடும் வசதி இயங்க வேண்டும். ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு குழைக்கும் கிராஸ்ஃபேட் வசதி அணைந்திருக்க வேண்டும். பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பத்தில் பாடல்கள் ஒன்றோடொன்று தொடுத்தே செய்யப்பட்டிருப்பதால், இவை இரண்டும் தவறாக இருந்தால் உடனே காதில் இடறும்.

பயணம் செய்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்குப் பேருந்தில் போகும் நேரத்துக்குள் எழுபதுகளின் ஆல்பம் ஒன்று முழுதாக முடிந்துவிடும். ஈரோடு வரை போகிறவர் இரண்டு மூன்று கேட்டுவிடலாம். பேருந்தின் ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டை மீறிக் கேட்கக் காதை நன்றாக மூடும் இயர்போன் வேண்டும் என்பது தனிக்கதை. மலைச்சாலையில் தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும், ஆகவே முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி ஆடம்பரம் அல்ல. நொடிக்கு 320 கிலோபிட் தரத்தில் நாற்பத்தைந்து நிமிட ஆல்பம் ஏறக்குறைய 110 எம்.பி. இடம் பிடிக்கும். நாளுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் சாதாரணத் திட்டத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இலவசத் திட்டங்களை நான் பரிந்துரைப்பதில்லை. அவற்றின் விதிகள் அடிக்கடி மாறுகின்றன, விளம்பரம் மட்டும் மாறாமல் வருகிறது.

யூடியூப்

பணம் செலவில்லை, பழைய நிகழ்ச்சிகள் கிடைக்கின்றன, ஏற்கெனவே எல்லோரிடமும் இருக்கிறது என்ற மூன்று காரணங்களால் பெரும்பாலோர் யூடியூபிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஒலியைக் கேட்கும் இடமாக அதை நான் கடைசியில்தான் வைப்பேன். எட்டு நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோக்களில் நடுவே விளம்பரம் வைக்க யூடியூப் இடமளிக்கிறது. இந்த இசையின் நல்ல படைப்புகள் பல அந்த எல்லைக்கு அப்பால்தான் இருக்கின்றன. மெல்லிசாகத் தேய்ந்து வரும் பகுதியில் திடீரென்று ஒரு சிமென்ட் விளம்பரம் முழங்கினால் இருபது நிமிடக் கட்டுமானமும் சரிந்துவிடும். ரசிகர்கள் ஏற்றிய முழு ஆல்பங்கள் உரிமைச் சிக்கலால் இன்று இருக்கும், நாளை இருக்காது. குழுக்களின் பெயரில் உள்ள அதிகாரபூர்வப் பதிவுகளோ பாட்டுப் பாட்டாகப் பிரிந்து கிடக்கும்.

ஆனால் பார்க்கும் இடமாக அதற்கு ஈடு இல்லை. பிங்க் ஃபிளாய்ட் 1971-இல் பாம்பெய் நகரின் பழைய வட்டரங்கில் ஒரு பார்வையாளரும் இல்லாமல் வாசித்த நிகழ்ச்சி, ஜென்டில் ஜயண்ட் குழுவினர் ஒரே பாட்டுக்குள் ஆளுக்கொரு வாத்தியத்தை மாற்றிக்கொண்டே போகும் மேடைப் பதிவுகள் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்தபின் அந்த ஆல்பங்கள் வேறு விதமாகக் கேட்கும். மெல்லோட்ரான் என்ற கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு காந்த நாடா இருக்கிறது. அதில் வயலினோ புல்லாங்குழலோ குரலோ முன்கூட்டிப் பதிவாகியிருக்கும். விசையை அழுத்திப் பிடித்தால் சுமார் எட்டு நொடி ஒலித்து நின்றுவிடும், விட்டால் நாடா பழைய இடத்துக்குத் திரும்பும். கிங் கிரிம்சனிலும் ஜெனிசிஸிலும் வரும் அந்த விசித்திரமான, சற்றே நடுங்கும் வயலின் கூட்டம் உண்மையில் இந்தப் பெட்டிதான். லேத் பட்டறையும் மோட்டார் பம்பும் பார்த்து வளர்ந்த கோயம்புத்தூர்க்காரருக்கு இதன் உள்ளமைப்பைக் காட்டும் வீடியோ, எந்த விமர்சனத்தையும்விட விரைவாக இந்த இசைமேல் பிடிப்பை உண்டாக்கும் என்பது என் ஊகம்.

தொகுப்புத் தளங்கள்

இந்த ஒப்பீட்டில் நான் அதிகம் சார்ந்து நிற்பது இங்கேதான். புரோக் ஆர்க்கைவ்ஸ் என்ற தளம் இந்த ஒரு இசைக்காகவே இயங்குகிறது. ரேட் யுவர் மியூசிக் எல்லா இசைக்கும் பொதுவானது, ஆனால் வகை வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் பட்டியல் எடுக்கலாம். இரண்டும் கேட்பவர்களின் உழைப்பால் நடப்பவை. இவற்றுக்கும் முன்பே, தொண்ணூறுகளில், ஜிப்ரால்டர் என்ற பெயரில் ரசிகர்கள் ஒரு கலைக்களஞ்சியமே தொகுத்திருந்தார்கள். இந்த இசையின் ரசிகர்கள் இணையத்தில் குடியேறிய முதல் கூட்டங்களில் ஒருவர் என்பதால், இவ்வளவு விரிவான வரைபடம் வேறு பல இசை வகைகளுக்கு வாய்க்கவில்லை.

வரைபடம் என்றேன், அதுவே இவற்றின் முதல் பயன். புரோக் ஆர்க்கைவ்ஸில் ஒவ்வொரு குழுவும் ஓர் உள்வகையில் வைக்கப்பட்டிருக்கும். எஸ், ஜெனிசிஸ் ஆகியவை சிம்ஃபனிக், அதாவது மேற்கத்தியச் செவ்வியல் இசையைத் தழுவிய வகை. இங்கிலாந்தின் கேன்டர்பரி நகரைச் சுற்றி எழுந்த, ஜாஸ் கலந்த, விளையாட்டுத்தனமான குழுக்களுக்குத் தனி வகை. அதில் கேரவன் குழுவின் 1971 ஆல்பம் 'இன் த லேண்ட் ஆஃப் கிரே அண்ட் பிங்க்' நல்ல தொடக்கம். இத்தாலிக்கு ஒரு தனி வகை: பிரமியாட்டா ஃபொர்னேரியா மார்க்கோனி, பேங்கோ, லே ஒர்மே. ஜெர்மனிக்கு ஒன்று. பிரான்சின் மாக்மா குழு தனக்கென ஒரு வகையையே தோற்றுவித்தது. அதன் டிரம் வாசிப்பவர் கிறிஸ்தியான் வாந்தேர் கோபையன் என்ற மொழியையே புதிதாகப் படைத்து அதில் பாடல்களை எழுதினார். ஆங்கில வரிகள் புரியவில்லையே என்று கூச்சப்படும் நண்பர்களுக்கு மாக்மாவைத்தான் நான் சொல்வது வழக்கம். அங்கே பாரிஸ்காரரும் பவானிக்காரரும் சமம்.

நம்மவர்க்கு இன்னும் நெருக்கமாக, இந்திய இசையோடு கலந்த ராக்குக்கும் அங்கே ஒரு வகை உண்டு. அந்தப் பக்கமாகப் போகிறவர் ஆங்கிலேய கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினைச் சந்திக்காமல் இருக்க முடியாது. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவை நடத்தி, 1973-இல் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்' வெளியிட்ட அவர், பின்னர் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் டி.எச். விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவை அமைத்தார். கர்நாடக இசையில் சிறிது பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வழி எளிது. தாளக் கணக்கைப் பற்றி ஆங்கில விமர்சகர்கள் வியந்து எழுதும் பல இடங்கள் நமக்கு வீட்டுக் கணக்கு. பிங்க் ஃபிளாய்டின் 'மனி' பாட்டின் ஏழு எண்ணிக்கைச் சுழற்சி, மிஸ்ர சாபு என்ற கர்நாடகத் தாளம் அறிந்தவருக்குப் புதிதல்ல; ஜெத்ரோ டல்லின் 'லிவிங் இன் த பாஸ்ட்' ஓடும் ஐந்து கண்ட சாபுவை நினைவூட்டும்; 'சப்பர்ஸ் ரெடி'யில் ஒன்பதில் ஓடும் பகுதியைச் சங்கீர்ணத்தில் கைபோட்டுப் பார்க்கலாம். உச்சரிப்பும் அழுத்தமும் வேறுதான், ஆயினும் எண்ணிக்கை தவறாமல் பின்தொடர்வது பாதி வேலையை முடித்துவிடும்.

இனிக் குறைகள். மதிப்பெண் பட்டியலின் உச்சியை எழுபதுகளின் பிரிட்டிஷ் ஆல்பங்களே பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகக் கேட்கத் தொடங்கினால் இந்த இசை 1977-இல் செத்துவிட்டது என்ற எண்ணமே மிஞ்சும். ரசிகர்கள் தங்கள் குழுவுக்கு ஐந்து நட்சத்திரம் அள்ளிக் கொடுப்பதும், எது உண்மையான புரோக்ரெசிவ் ராக், எது அல்ல என்று ஓயாமல் வழக்காடுவதும் உண்டு. பிங்க் ஃபிளாய்டே இதில் சேருமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. விமர்சனங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன; தமிழில் இந்த இசையைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு; இயந்திர மொழிபெயர்ப்பில் படித்தால் சிரிப்புத்தான் வரும். இவற்றுக்கெல்லாம் நான் கையாளும் மருந்து ஒன்று: ஐந்து நட்சத்திர விமர்சனங்களைத் தள்ளிவிட்டு இரண்டு நட்சத்திர விமர்சனங்களைப் படிப்பது. புகழ்கிறவர் தம் மனநிலையைச் சொல்கிறார். குறைகூறுகிறவர் ஆல்பத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறார். 'ஆர்கன் தனியாவர்த்தனம் தாங்க முடியவில்லை' என்று ஒருவர் நொந்துகொண்டால், ஆர்கன் பிடித்தவருக்கு அதைவிட நல்ல பரிந்துரை வேண்டியதில்லை.

பேண்ட்கேம்பும் வானொலியும்

2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப், விளைவித்தவரே தராசு பிடிக்கும் உழவர் சந்தையைப் போன்றது. டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுத்துக்கொள்வது 15 விழுக்காடு, விற்பனை பெருகினால் 10 விழுக்காடு. வாங்குமுன் முழுப்பாட்டையும் கேட்டுப் பார்க்கலாம். வாங்கினால் தரம் குறையாத ஃபிளாக் கோப்பு நமக்கே சொந்தம். இதன் அருமையை உணர மாரிலியன் குழுவின் கதையை அறிய வேண்டும். 1997-இல் அமெரிக்கப் பயணத்துக்குப் பணமில்லை என்றதும், ரசிகர்கள் இணையத்தின் வழியாக ஏறக்குறைய 60,000 டாலர் திரட்டினார்கள். 2001-இல் அதே குழு, ஆல்பத்தைப் பதிவுசெய்வதற்கு முன்பே பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் முன்பணம் பெற்று அதைச் செய்துமுடித்தது. இப்படிப் பலரிடம் முன்பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் தளம் தோன்றியது 2009-இல்தான். கம்பெனியை நம்பாமல் கேட்பவரை நம்புவது இந்த இசையின் இணையப் பழக்கத்திலேயே ஊறியிருக்கிறது.

புதியவருக்கு இது முதல் வாசலாக ஏன் ஆகாது என்றால், எழுபதுகளின் பெருங்குழுக்களில் பெரும்பாலானவை அங்கே இல்லை. இருப்பவை இன்றைய குழுக்கள், அவற்றில் எதை எடுப்பது என்று தெரிய ஏற்கெனவே ஓரளவு காது பழகியிருக்க வேண்டும். ஆல்பம் ஒன்றுக்குப் பெரும்பாலும் 7 முதல் 10 டாலர் ஆகிறது. ஓர் ஆல்பத்தின் விலையில் இங்கே பல மாதச் சந்தா கட்டிவிடலாம். வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பணப்பரிமாற்றத்தை நாமே திறந்துவிட வேண்டும், வங்கியின் மாற்றுக் கட்டணமும் சேரும். ஆகவே இது இரண்டாம் ஆண்டுச் செலவு. சந்தாச் செயலியில் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு வாழும் குழுவின் ஆல்பத்தை இங்கே வாங்குவதே முறை. 2020 முதல் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. அந்த நாள் பார்த்து வாங்கினால் கலைஞருக்குக் கூடுதலாகச் சேரும்.

இணைய வானொலியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஆரல் மூன், மோரோ போன்ற நிலையங்கள் இந்த இசையை மட்டுமே ஆண்டுக்கணக்கில் ஒலிபரப்பி வந்திருக்கின்றன. நீண்ட பாட்டையும் வெட்டாமல் போடுவார்கள். கணக்கெழுதும் வேளையில் ஓடவிட்டு, காது நின்ற இடத்தில் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடம் இல்லை என்பதால் துணையாக மட்டும் கொள்க.

யாருக்கு எது

மாணவர், கையில் காசில்லை என்றால், புரோக் ஆர்க்கைவ்ஸில் படித்து யூடியூபில் கேட்கட்டும். வாரம் ஓர் ஆல்பத்துக்கு மேல் எடுக்காமல் இருந்தால் விளம்பரத் தொல்லையையும் பொறுத்துக்கொள்ளலாம். விடுதி நண்பர்கள் சிலர் சேர்ந்து சந்தாவைப் பகிர்வதற்கு முன் அந்தந்தச் செயலியின் விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது. குடும்பத் திட்டங்கள் பொதுவாக ஒரே முகவரியில் வசிப்பவர்களுக்கே உரியவை.

ஹெவி மெட்டல் ஏற்கெனவே கேட்பவருக்கு ரஷ் குழுவின் 'மூவிங் பிக்சர்ஸ்' (1981), ட்ரீம் தியேட்டரின் 'இமேஜஸ் அண்ட் வேர்ட்ஸ்' (1992), போர்க்குபைன் ட்ரீயின் 'இன் அப்சென்ஷியா' (2002) ஆகியவை தடையில்லாத வழி. இவர்களுக்கு மட்டும் அல்காரிதம் ஓரளவு உதவும், ஏனெனில் மெட்டல் சார்ந்த புரோக்ரெசிவ் குழுக்களைக் கேட்பவர்கள் ஒரு தனிக் கூட்டமாக இருப்பதால் பரிந்துரை அதிகம் சிதறுவதில்லை.

திரையிசை கேட்டே வளர்ந்தவருக்கு, பாடல் வரிகளே இல்லாத, கேமல் குழுவின் 'த ஸ்னோ கூஸ்' (1975) முதல் ஆல்பமாகட்டும். பலரும் சொல்லும் பிங்க் ஃபிளாய்டின் 'விஷ் யூ வேர் ஹியர்' (1975) ஆல்பத்தை இரண்டாவதாக வைக்கிறேன். அதன் முதல் பாட்டில் குரல் வருவதற்கே எட்டரை நிமிடத்துக்கு மேல் ஆகும். திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் என் மருமகன் முறைப் பையன் அதைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஏனுங் மாமா, பாட்டு எப்பத்தானுங் ஆரம்பிக்கும்?" என்றான். நியாயமான கேள்வி. பாட்டு என்றால் குரல் என்று பழகிய காதுக்கு, பாடல் வரிகளே வராது என்று முன்கூட்டித் தெரிந்த ஆல்பத்தைத் தந்தால் காத்திருப்பு இல்லை. வாத்தியங்களைக் கேட்கத் தொடங்கிவிடும்.

கர்நாடக இசையிலிருந்து வருகிறவர் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு நேரே போகலாம். அது முரட்டுத்தனமாகத் தோன்றினால், கர்நாடக இசையையும் ராக்கையும் இணைக்கும் பெங்களூரின் அகம் குழுவையும், பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கொச்சியில் இயங்கிய மதர்ஜேன் குழுவின் 2008 ஆல்பமான 'மக்தூப்'பையும் முன்படியாக வைத்துக்கொள்ளலாம். இவர்களுக்கு யூடியூப் மேடைப் பதிவுகளே போதும், சந்தா அவசரமில்லை.

நாள்தோறும் கோவைக்கும் ஈரோட்டுக்கும், அல்லது சேலத்துக்கும் இடையே போய்வருகிறவருக்குச் சந்தாவைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கி, தொகுப்புத் தளத்தில் இரண்டு ஆல்பங்களைப் படித்துத் தேர்ந்து, வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால் வாரம் முழுவதற்கும் போதும். ஒரே ஆல்பத்தைப் போகும்போதும் வரும்போதும் கேட்பது புதிதாக நான்கைக் கேட்பதைவிடப் பயன் தரும். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வால்பாறைக்கு ஏறுகிறவர்களும், இருபத்தேழு வளைவுகளில் திம்பம் ஏறுகிறவர்களும், அடிவாரத்துக்கு வருமுன்பே இறக்கும் வேலையை முடித்துவிட வேண்டும்.